மேசை மேல் அறுபது விடைத்தாள்கள்

எங்கள் ஊர் நவுவா கோயில் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செந்தில் தம்பி போன மாதம் வீட்டுக்கு வந்தார். நாமக்கல் பக்கத்திலிருந்து இங்கே கணக்கு வாத்தியாராக வந்து நாலு வருஷம் ஆகிறது. வந்ததும் வராததுமாக ஃபோனை நீட்டினார். உலக நாடுகளின் கல்வித் தரம் என்று ஒரு பட்டியல். முதலிடம் யார், பத்தாமிடம் யார் என்று கொடிப் படங்களோடு வரிசையாகப் போட்டிருந்தது.

"நம்ம ஃபிஜி இதுல எங்கயுமே இல்லங்கம்மா. நீங்க பரீட்சை ஆபீஸ்ல அத்தனை வருஷம் இருந்தீங்க. எந்த நாட்டுப் படிப்பு ஒசத்தி, ஏன் ஒசத்தின்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யாருப்பா இதை வரிசை போட்டது? எந்தப் புள்ளையோட பேப்பரைப் பார்த்துப் போட்டான்?" என்று கேட்டேன். பாவம், அவரைச் சொல்லி என்ன? இரண்டு நாட்டுப் படிப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நான் என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் முழுசாகச் செய்திருக்கிறேன். அதை எழுதுகிறேன், போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லி அனுப்பினேன்.

என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்தது நவுவாவில். கூலிக் கப்பலில் வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை. தமிழ் எழுதப் படிக்க அப்பா கோயில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார். வெளியே எல்லாம் ஹிந்திதான். வாத்தியார் பயிற்சி முடித்து, வனுவா லேவு தீவில் ட்ரெகேட்டியில், நெல் வயலுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். கல்யாணம் ஆகி ரேவதி பிறந்தாள். அவளுக்கு ஏழு வயதில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு சுவாவில் பரீட்சை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தினமும் நவுவாவிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி மிஸ்டர் தவாகே. பூர்வகுடி ஃபிஜிக்காரர், கிழக்குத் தீவு ஒன்றில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். நல்ல உயரம். ஆபீசுக்கென்று இடுப்பில் உடுத்தும் சாம்பல் நிற சூலுவில் ஒரு சுருக்கம் இருக்காது. எந்தக் கடிதமாக இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாய்விட்டுப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எப்படித் தெரியும், மிசஸ் ராஜு?" என்பார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான், நினைவில் இருக்கிற மாதிரி எழுதுகிறேன். "இந்த மாணவர் கெட்டிக்காரர்" என்று நான் எழுதியிருப்பேன். எப்படித் தெரியும்? மார்க்கைக் காட்டுவேன். "அப்படியானால் மார்க்கை எழுதுங்கள், கெட்டிக்காரர் என்பதை எடுத்துவிடுங்கள்." ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். மனுஷன் என்ன கல்லா என்று முணுமுணுத்துக்கொண்டு போய் மறுபடி டைப் அடிப்பேன். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, இறங்கும். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இந்த மண் எங்களுக்குத்தான் என்று பூர்வகுடி ஃபிஜிக்காரர்கள் ஒரு பக்கம் சொன்னார்கள். இந்திய வம்சாவளியான நம்மவர்கள் ஒரு பக்கம் பெட்டி கட்டினார்கள். சாயங்காலம் ஊரடங்கு. பஸ்ஸை நிறுத்தி, சிப்பாய்கள் ஏறி, பையைத் திறக்கச் சொல்வார்கள். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனால் கணக்கு வாத்தியார் இருக்க மாட்டார், வெள்ளிக்கிழமை இரவே விமானம் ஏறியிருப்பார். எங்கே இரண்டு பேர் நின்றாலும் விசாப் பேச்சுதான்.

ரேவதி அப்போது ஃபார்ம் சிக்ஸ், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. என்ஜினியர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. கடலுக்குத் தெற்கே ஒரு நாட்டில் என் தம்பி இருந்தான். அங்கே உள்ள பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் தருகிறேன் என்று கடிதம் போட்டது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. நம் நாடு அப்போது வெளிநாட்டுப் பரீட்சையை விட்டுச் சொந்தப் பரீட்சைக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். நம் ஃபார்ம் சிக்ஸும் அவர்கள் நாட்டுப் படிப்பும் சமம்தான் என்று உறுதியானால் நேராகச் சேரலாம். இல்லையென்றால் இடம் கிடையாது, இடம் இல்லையென்றால் விசாவும் கிடையாது. ரேவதி ஒருத்தி மட்டுமில்லை, அந்த வருஷத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இதே கதிதான். அந்தச் சமமா இல்லையா என்பதைப் பார்க்கும் வேலை எங்கள் மேசைக்கு வந்தது.

மறுநாளே தவாகேயிடம் போய், "என் மகளும் இந்த வருஷம்தான். என்னை இதிலிருந்து விட்டுவிடுங்கள்" என்றேன்.

"இந்த ஆபீசில் யாருக்கு மகனோ மகளோ இல்லை? நீங்கள் மார்க் போடப் போவதில்லை. தாளின் தலையை வெட்டி எண் போடப் போகிறீர்கள், அவ்வளவுதான்" என்றார்.

வேலை இப்படி நடந்தது. ஒரே கேள்வித்தாளை இங்கே, ரேவதியின் பள்ளிக்கூடமும் சேர்த்து, ஆறு பள்ளிக்கூடத்திலும் அங்கே ஆறு பள்ளிக்கூடத்திலும் கொடுத்து எழுதச் சொன்னார்கள். எழுதுகிற காகிதமும் ஒரே காகிதம்தான், அவர்களே அனுப்பியது. நம்முடையதில் முப்பது, அவர்களுடையதில் முப்பது விடைத்தாள்கள். பெயரும் பள்ளிக்கூடமும் எழுதிய மேல் பகுதியை நான் பிளேடால் வெட்டி எடுத்து, எண் முத்திரை குத்தி, எல்லாவற்றையும் கலைத்துப் போட்டேன். எந்த எண் எந்த நாடு என்கிற நோட்டு தவாகேயின் இரும்பு அலமாரியில் இருந்தது. நாலு வாத்தியார்கள் வந்து தனித்தனியாகத் திருத்தினார்கள். அதில் ஒருவர் முனிசாமி மாஸ்டர். நவுவாக்காரர், ரேவதிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், அடுத்த மாதம் குடும்பத்தோடு கிளம்புவதற்குப் பெட்டி கட்டி வைத்திருந்தவர்.

திருத்தி முடிந்ததும் தவாகே சராசரி, கிராசரி என்றெல்லாம் போகவில்லை. கூட்ட அறையின் நீண்ட மேசை மேல் அறுபது விடைத்தாள்களையும் மார்க் வரிசைப்படி பரப்பச் சொன்னார். வாசல் பக்கம் அதிக மார்க், ஜன்னல் பக்கம் குறைந்த மார்க். பிறகு நோட்டைத் திறந்து எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார். நம் நாட்டுத் தாள் என்றால் அதன் மேல் நான் ஒரு தீக்குச்சி வைக்க வேண்டும். தீக்குச்சிகள் மேசை முழுவதும் பரவலாகக் கிடந்தால் இரண்டு நாடும் சமம். ஒரு பக்கமாகக் குவிந்தால் சமமில்லை. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு.

பரவலாகத்தான் கிடந்தன. சொல்லப்போனால் வாசல் பக்கம் இரண்டு மூன்று குச்சி கூடுதலாகவே இருந்தது. ரேவதி போகிறாள், என் பிள்ளை இந்தத் துப்பாக்கிகளை விட்டுப் போகிறாள் என்று மனசுக்குள் கூத்தாடினேன். தவாகே தலையை ஆட்டி, "நாளைக்கு அறிக்கை எழுதலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாள்களை எடுத்துக் கட்டி வைக்க நான் மட்டும் நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். மத்தியான வெயில் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் வழியாகச் சாய்ந்து மேசை மேல் விழுந்திருந்தது. தீக்குச்சி இருந்த ஒவ்வொரு தாளிலும் நடுவில், மேலிருந்து கீழாக, ஒரு மடிப்பு. மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பத்தி, அந்தப் பக்கம் ஒரு பத்தி என்று கணக்குப் போட்டிருந்தது. குச்சி இல்லாத தாள்களில் மடிப்பே இல்லை. காகிதத்தின் முழு அகலத்துக்கும் எழுதியிருந்தார்கள்.

நம் பள்ளிக்கூடங்களில் கணக்குத் தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்துத்தான் எழுதுவோம், காகிதம் மிச்சமாகட்டும் என்று. நான் அப்படித்தான் படித்தேன், ட்ரெகேட்டியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். தவாகேயும் அப்படித்தான் படித்திருப்பார். அறுபது தாளையும் என் கையால் ஒவ்வொன்றாக வெட்டினேனே, என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை! அந்த முப்பதைப் பார்த்து, என்ன இப்படிக் காகிதத்தை வீணாக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பெயரை மறைத்தோம், பள்ளிக்கூடத்தை மறைத்தோம், நாட்டை அப்பட்டமாகக் காட்டிக்கொண்டிருந்தோம்.

ஒன்றும் சொல்லாமல் கட்டி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் முனிசாமி மாஸ்டர். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"மாஸ்டர், எது நம்ம பேப்பர்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அவர் சிரித்தார். "பார்த்த ஒடனே தெரியுதே அக்கா. மடிச்சு எழுதறது வேற யாரு?"

"தெரிஞ்சேவா மார்க்கு போட்டீங்க?"

"சத்தியமா வேணும்னு போடலை. நம்ம புள்ள ஒரு கணக்கைப் பாதியில வுட்டிருந்தா, பாவம் நேரம் பத்தலை போலன்னு தோணும். ஒரு மார்க்கு போடுவேன். அந்தப் பக்கத்துப் புள்ள அதே எடத்துல வுட்டிருந்தா, தெரியாமத்தான் வுட்டிருக்கான்னு தோணும். அவ்ளோதான்."

"இது தப்பாச்சே மாஸ்டர்."

அவர் முகம் மாறிவிட்டது. குனிந்து, காதருகே பேசினார். "அக்கா, வாயை மூடிக்கிட்டு சும்மா இரு. வெளியே சிப்பாய் துப்பாக்கி வெச்சுக்கிட்டு நிக்கறான், நீ காகித மடிப்பைப் பத்திப் பேசறே. ஒம் பொண்ணும் அதுலதான் இருக்கா, மறந்துடாதே."

பஸ் நின்றது. சிப்பாய் ஒருவன் ஏறினான். ரேவதியை விட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். என் பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவைப் பார்த்து மூடினான். அவன் இறங்கியதும் மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் ரேவதி பெட்டியைக் கூடத்தில் வைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஆபீஸ்ல என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். இன்னும் முடியவில்லை என்று பொய் சொன்னேன். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டால் என்ன கெட்டுப்போகும், யாருக்குத் தெரியப் போகிறது என்று நூறு தடவை கேட்டுக்கொண்டேன். ஆனால் அறிக்கையில் "இரண்டும் சமம்" என்று டைப் அடிக்கப் போகிறவள் நான். எப்படித் தெரியும் மிசஸ் ராஜு என்று அவர் கேட்பாரே, அதற்கு என்ன சொல்வேன்? ஊரே துப்பாக்கிக்குப் பயந்த காலத்தில் நான் அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல் பெருமையா வெறுப்பா என்று தெரியவில்லை.

காலையில் அவரைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டு, இரண்டு தாள்களை எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா?" குரல் காதில் விழவே இல்லை.

"முனிசாமி மாஸ்டரிடம் கேட்டேன். அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது."

"உங்கள் மகள்?"

"அவளிடம் சொல்லவில்லை."

இரண்டு தாள்களையும் வாங்கி மேசை மேல் அடுத்தடுத்து வைத்தார். பிறகு, "சமம் என்று நான் எழுதினால், படித்த ஜனங்கள் வெளியேறக் கதவைத் திறந்துவிட்டாய் என்று மேலே இருப்பவர்கள் என்னைக் கேட்பார்கள். சமமில்லை என்று எழுதினால், ஃபிஜிக்காரன் கதவைச் சாத்திவிட்டான் என்று உங்கள் ஜனங்கள் சொல்வார்கள். அதனால் எனக்கு இருக்கிற ஒரே வழி, எது உண்மையோ அதை எழுதுவதுதான். எல்லாத் தாளையும் காப்பி எடுக்க வேண்டும், கையால், ஒரே கையெழுத்தில்" என்றார்.

ஐந்து நாள் உட்கார்ந்து எழுதினேன். அறுபது பிள்ளைகளின் கணக்கையும், சரியையும் தப்பையும், அடித்ததையும் திருத்தியதையும், அகலமான தாளில் மடிப்பில்லாமல் எழுதினேன். ஒரு தாள் முடிந்ததும் நான் அசலை உரக்க வாசிப்பேன், அவர் என் காப்பியில் விரல் வைத்துக்கொண்டே சரி பார்ப்பார். கை வீங்கிவிட்டது. விடியற்காலை முதல் பஸ்ஸில் போய், ஊரடங்குக்கு முன்னால் வீடு திரும்புவேன்.

மூன்றாம் நாள் ஒரு தாளை எடுத்தேன். தலை வெட்டப்பட்டிருந்தால் என்ன, பெற்றவளுக்குத் தெரியாதா? ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே கோடு போடுவது ரேவதியின் வழக்கம். அருமையாகப் போட்டுக்கொண்டே வந்தவள், ஒன்பதாவது கணக்கின் கடைசி வரியில் ஒரு கழித்தல் குறியைக் கூட்டல் குறியாக எழுதிவிட்டாள். அதனால் விடையே தப்பாகிவிட்டது. அந்தக் கூட்டல் குறியில் நிற்கிற சின்னக் கோட்டை நான் எழுதாமல் விட்டால் போதும், வாசிக்கும்போதும் கழித்தல் என்று வாசித்தால் போதும். அவர் என் காப்பியைத்தான் பார்ப்பார், அசல் என் கையில் இருக்கும். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ! அந்தத் தப்பை அப்படியே எழுதினேன். உரக்க வாசிக்கும்போது அந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

"தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்றார் தவாகே. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வேறொன்றும் கேட்கவில்லை.

காப்பிகளை வேறு நாலு வாத்தியார்கள் திருத்தினார்கள். மறுபடி அதே மேசை, அதே வரிசை, அவர் எண்ணை வாசிக்க நான் தீக்குச்சி வைத்தேன். வாசல் பக்கம் நாலைந்து குச்சிகள் இருந்தன. அதற்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்து, ஜன்னல் பக்கத்தில் நம் குச்சிகள் குவியலாகக் கிடந்தன. நேராகப் போடுகிற கணக்கில் நம் பிள்ளைகள் அவர்களுக்குச் சளைக்கவில்லை. ஏன் என்று காரணம் எழுதச் சொன்ன கேள்விகளில் வெற்றிடம். அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய வாத்தியார்கள் பாதிப் பேர் விமானத்தில் போய்விட்டார்கள்.

தவாகே அப்படியே எழுதினார். நேர்க் கணக்கில் சளைப்பில்லை, காரணம் எழுதுவதில் கீழ், ஆக இந்த வருஷம் சமமில்லை, மூன்று மாதம் துணை வகுப்பு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டும் எழுதினார். அந்தப் பல்கலைக்கழகம் துணை வகுப்பை ஏற்றுக்கொண்டது, ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து. இந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் போயிற்று.

அறிக்கை போன அன்று அவர் என்னைக் கூப்பிட்டார். "நீங்கள் மடிப்பைக் கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம். நீங்கள் உங்கள் ஜனங்களுக்கு நடுவே குடியிருக்க வேண்டியவர். என்னை எப்படியும் திட்டப் போகிறார்கள். மேலே இருப்பவர்கள் இன்று என்னைத் தோளில் தட்டிப் பாராட்டினார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை" என்றார்.

அவர் சொன்ன மாதிரியே நடந்தது. கோயிலில், கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் "அந்தத் தவாகே நம்ம புள்ளைங்களைப் போக வுடாம பண்ணிட்டான்" என்றுதான் பேச்சு. முனிசாமி மாஸ்டர் ஊகித்திருப்பார், ஆனால் அவர் அடுத்த மாதமே போய்விட்டார். என் காதுபட தவாகேயைச் சபித்தார்கள். நான் தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன். அவரே சொல்ல வேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம், வேறென்ன?

ரேவதி பெட்டியைப் பிரித்தாள். சிகடோகா பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலைக்குப் போனாள். அடுத்த வருஷம் துணை வகுப்புக்கு எழுதிப் போடு என்று கெஞ்சினேன், போடவே மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு வருஷம் கழித்துக் கனடாவில் ஒரு வரன் வந்தது, போனாள். இன்று ஒரு மளிகைக் கடையை நடத்துகிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். கணக்குப் புத்தகத்தை மட்டும் அவள் திரும்பத் தொடவில்லை. தவாகே இறந்தபோது நான் அவர்கள் வழக்கப்படி பாய் ஒன்று எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அதை ரேவதியிடம் ஃபோனில் சொன்னபோது, "அந்த ஆளுக்கா போனே?" என்று கேட்டு ஃபோனை வைத்துவிட்டாள்.

செந்தில் தம்பிக்கு எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். மடிப்பு, முனிசாமி மாஸ்டர், ஐந்து நாள் காப்பி, ஒன்பதாவது கணக்கு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். "அவர் இல்லை, நான்தான் சொன்னேன்" என்றேன். திட்டட்டும், அதற்குத்தானே கூப்பிட்டேன் என்று காத்திருந்தேன்.

எப்போதும் ஹிந்தியில் பேசுகிறவள் தமிழில் கேட்டாள். "என் பேப்பர் எங்கம்மா இருந்துச்சு? மேசையில?"

"வாசப் பக்கம், கண்ணு. அறுபதுல மூணாவது."

"மூணாவதா?"

"ஆமா. அந்தக் குறித் தப்பு இல்லேன்னா மொதல்ல இருந்திருப்பே. அவங்க கேட்டது நாட்டைப் பத்தி. உன்னைப் பத்தி யாரும் கேக்கலை. சொன்னா எல்லாத்தையும் சொல்லணும்னு நானும் சொல்லலை."

அவள் அழுகிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

"முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. வெளியில ஊரோட சேர்ந்து அந்த ஆளைத் திட்டினேன். எனக்குள்ள, நான்தான் மக்கு, அதான் போக முடியலைன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்" என்றாள்.